பண்ணை ட்ராக்டர் இன்ஜினை புல்லிங் போட்டிக்கு ஏத்துறது எப்படி: டீசல் பம்ப்ப கடைசியா தொடுங்க

வயல்ல ஓடிட்டிருந்த ட்ராக்டரை புல்லிங் போட்டிக்கு ரெடி பண்ணலாம்னு இறங்குறவங்கள்ல முக்கால்வாசி பேர் முதல்ல ஸ்பேனர் வைக்கிறது டீசல் பம்ப்புல தான். ஸ்க்ரூவ ரெண்டு சுத்து சுத்துனா கருகருன்னு புகை வரும், சத்தம் மாறும், பவர் ஏறிடுச்சுன்னு மனசுக்கு ஒரு சந்தோஷம். அப்புறம் கொஞ்ச நாள்ல ஹெட் கேஸ்கட் ஊத்திக்கும், இல்லன்னா பிஸ்டன் உருகும். அதனால இங்க நான் முக்கியமா சொல்ல வர்றது வேலைய எந்த வரிசையில செய்யணும்ங்குறது தான். முதல்ல ரூல் புக், அடுத்து இன்ஜினோட உறுதி, அடுத்து காத்து, அதுக்கு அப்புறம் தான் டீசல்.

புல்லிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்காவுல, முக்கியமா ஒஹாயோ, இண்டியானா, இல்லினாய்ஸ் பக்கம் விவசாயிகள் நடுவுல இது பெரிய விளையாட்டு. 1969ல என்டிபிஏன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு ரூல்ஸ் எல்லாம் ஒழுங்கு பண்ணாங்க, ஒஹாயோவுல பவுலிங் கிரீன்ங்குற ஊர்ல வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் தேசிய போட்டி நடக்கும். ட்ராக்டருக்கு பின்னாடி ஒரு ஸ்லெட்ட (எடை ஏத்துன இழுவை வண்டி) மாட்டி மண் ட்ராக்ல இழுக்கணும், எவ்ளோ தூரம் இழுக்குறோமோ அது தான் மார்க், 300 அடி போயிட்டா ஃபுல் புல்லுன்னு சொல்லுவாங்க (சில இடத்துல 320 அடி). சூட்சுமம் எங்கன்னா அந்த ஸ்லெட்ல தான். கிளம்பும்போது எடைப் பெட்டி பின்னாடி சக்கரத்துக்கு மேல இருக்கும், ட்ராக்டர் நகர நகர அந்தப் பெட்டி கியர்ல கோர்த்து முன்னாடி வரும், முன்னாடி இருக்குற பெரிய இரும்புத் தட்டு மண்ணுல அழுந்த ஆரம்பிக்கும். அதாவது ஒவ்வொரு அடிக்கும் லோடு கூடிக்கிட்டே போகும், கடைசி 100 அடியில ஆர்பிஎம் இறங்கும்போது இன்ஜின் விடாம பிடிச்சு இழுக்கணும். உச்சத்துல எவ்ளோ ஹெச்பிங்குறத விட, ஆர்பிஎம் இறங்கும்போது டார்க் எவ்ளோ நிக்குதுங்குறது தான் ஜெயிக்க வைக்கும். இது மனசுல இருந்தா கீழ சொல்ற எல்லாமே புரியும்.

எந்த இன்ஜின்

நான் இங்க உதாரணத்துக்கு எடுத்துக்குறது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1066. 1971ல இருந்து 1976 வரைக்கும் வந்த வண்டி, அமெரிக்க புல்லிங் மைதானத்துல சிவப்பு ட்ராக்டர்னாலே பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது இது தான். உள்ள டிடி414ன்னு 6 சிலிண்டர் டர்போ டீசல் (டர்போன்னா எக்ஸாஸ்ட் புகையால சுத்தி காத்த அமுக்கி உள்ள தள்ளுறது), 414 க்யூபிக் இஞ்ச், அதாவது சுமார் 6.8 லிட்டர், பிடிஓவுல (பின்னாடி கருவி ஓட்டுற தண்டு) 105 ஹெச்பி. இந்த குடும்பத்துல 414, 436, 466ன்னு மூணு இன்ஜின் இருக்கு, மூணுக்குமே போர் (சிலிண்டர் அகலம்) 4.30 இஞ்ச் தான், ஸ்ட்ரோக் (பிஸ்டன் போற தூரம்) மட்டும் 4.75, 5.00, 5.35ன்னு மாறும். அதனால 1066 ஓட்டுறவங்க நிறைய பேர் 466 இன்ஜினையே தூக்கி உள்ள வைக்கிறாங்க, பெருசா வெட்டி ஒட்டுற வேலை இல்லாம உக்காந்துடும், 7.6 லிட்டர் கிடைச்சுடும். இன்னொரு நல்ல விஷயம், எல்லாமே வெட் லைனர், அதாவது சிலிண்டருக்குள்ள சொருகுற குழாயான லைனரை சுத்தி நேரா தண்ணி ஓடும், லைனர் கீறிட்டாலும் பிளாக்க போர் பண்ணாம புது லைனர் இறக்கிடலாம். புல்லிங்ல இது எவ்ளோ பெரிய நிம்மதின்னு ஒரு சீசன் ஓட்டுனா தெரியும்.

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், டிபிஎஃப் (புகைக்கரி பிடிக்கிற ஃபில்டர்) எல்லாம் இருக்குற புது ட்ராக்டர்ல கை வைக்காதீங்க. எமிஷன் சாமான்கள கழட்டுறது அமெரிக்காவுல சட்டப்படி குத்தம், அதுவும் இல்லாம மெக்கானிக்கல் பம்ப் இருக்குற பழைய வண்டியில ஒவ்வொரு மாத்தத்தையும் கண்ணால பாத்து கையால அளந்து செய்யலாம்.

ரூல் புக்க முதல்ல படிங்க

ஸ்டாக், ஃபார்ம், சூப்பர் ஃபார்ம், ப்ரோ ஸ்டாக்னு கிளாஸ் கிளாஸா பிரிச்சு வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் எடை, க்யூபிக் இஞ்ச், டர்போ வாய் சைஸ், டயர் சைஸ், ஹிட்ச் (ஸ்லெட் மாட்டுற கொக்கி) உயரம் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. உதாரணத்துக்கு ப்ரோ ஸ்டாக்ல 10,000 பவுண்டு எடை, 680 க்யூபிக் இஞ்ச் வரைக்கும் விடுவாங்க, சூப்பர் ஃபார்ம்ல டர்போவோட வாய 3 இஞ்ச்ல கட்டிப் போட்டுடுவாங்க. உள்ளூர் திருவிழா போட்டியில ஃபார்ம் கிளாஸ்க்கு ரூல்ஸ் வேற மாதிரி இருக்கும், ஒரு கவுண்டிக்கும் (நம்ம மாவட்டம் மாதிரி) அடுத்த கவுண்டிக்குமே மாறும், அந்த வருஷத்து புக்க கையில வாங்கிப் படிச்சுட்டு தான் ஒரு போல்ட்டயே கழட்டணும். இன்டர்கூலர் (டர்போ காத்த ஆத்துற சாமான்) விடாத கிளாஸ்க்கு இன்டர்கூலர் வாங்கி வெச்சுட்டு பட்டறையில அழகு பாக்க வேண்டியது தான், காத்தோட தண்ணிய தெளிக்கிற வாட்டர் இன்ஜெக்‌ஷனும் அப்படித்தான்.

இங்க நான் சொல்ற கணக்கு எல்லாம் 466 இன்ஜின்ல 3000 ஆர்பிஎம்ல 400 ஹெச்பிங்குற இலக்குக்கு. முதல் தடவை செய்யுறவங்களுக்கு இது நியாயமான அளவு, கைக்கு அடங்குற பவர்.

கீழ்பாகம்

ஸ்டாக் வண்டி (கம்பெனி விட்டபடியே இருக்குறது) 2400ல ஓடும். அத 3000க்கு கொண்டு போனா 25 சதவீதம் தானே அதிகம்னு தோணும், ஆனா பிஸ்டனும் ராடும் மேல கீழ போய் திரும்புற இழுவை ஆர்பிஎம்மோட வர்க்கத்துல ஏறும், கணக்குப் போட்டா 1.56 மடங்கு. 4000க்கு போனா 2.78 மடங்கு. அதனால தான் 4000 பக்கம் சுத்துறவங்க நல்ல ஃபோர்ஜ்டு ராடு, பில்லட் ராடுன்னு காசு கொட்டுறாங்க. 3000ல நிறுத்துறவங்க ஒரிஜினல் ராடையே கிராக் டெஸ்ட் பண்ணி, ராடு போல்ட்ட மட்டும் நல்ல தரத்துக்கு மாத்தி, பெரிய முனைய திரும்ப ரவுண்டு பண்ணி போடலாம். கிராங்க மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால விரிசல் தேடுற சோதனை) பண்ணாம போடவே கூடாது, பழைய வண்டியோட கிராங்க் 50 வருஷம் என்னென்ன பாத்துச்சோ நமக்குத் தெரியாது. பிஸ்டன், ராடு எல்லாத்தையும் எடை போட்டு ஒண்ணுக்கொண்ணு சமமா இழைக்கணும், டேம்பர் (கிராங்க் அதிர்வ அடக்குற சக்கரம்) ரப்பர் வெடிச்சிருந்தா யோசிக்காம புதுசு.

லைனர் விஷயத்துல கொஞ்சம் நிறுத்தி சொல்லணும், நிறைய பேர் கோட்டை விடுற இடம் இது. லைனரோட மேல் விளிம்பு பிளாக் முகத்த விட ஒரு சில தௌ உயரமா நிக்கணும் (தௌன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அப்ப தான் ஹெட் உக்காரும்போது கேஸ்கட்ட அங்க நல்லா அமுக்கும். லைனர சும்மா கையால சொருகி வெச்சு அளந்தா பொய்க்கணக்கு தான் வரும். வாஷர் போட்டு போல்ட்டால அமுக்கிப் பிடிச்சுட்டு, டயல் கேஜ பிளாக் மேல ஜீரோ பண்ணி, லைனர் விளிம்புல நாலு இடத்துல முள்ள வெச்சு பாருங்க. ஒரே லைனர்ல ஒரு பக்கம் 4, எதிர்ப்பக்கம் 2ன்னு காட்டுச்சுன்னா லைனர் உக்காருற படியில துருவோ பழைய சீலன்ட்டோ இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா அந்தப் படி தேஞ்சிருக்கும், லேத்துல கொடுத்து வெட்டி ஷிம் போடணும். ஆறு லைனரும் ஒண்ணுக்கொண்ணு ஒரு தௌவுக்குள்ள நிக்கணும். இந்த ஒரு வேலைக்கு அரை நாள் போகும், போகட்டும். பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) ஏத்தின பிறகு கேஸ்கட் போறது முக்காவாசி இந்த இடத்துல தான் ஆரம்பிக்குது.

கம்ப்ரெஷன் ரேஷியோ பண்ணை டீசல்ல சாதாரணமா 16, 17 பக்கம் இருக்கும். 30 பிஎஸ்ஐ வரைக்கும் பூஸ்ட்டுன்னா கொஞ்சம் இறக்குனா சிலிண்டருக்குள்ள உச்ச அழுத்தம் அடங்கும், அதுக்கு மேல போறவங்க இன்னும் நல்லாவே இறக்குவாங்க. ரொம்ப இறக்குனா குளிர்ல ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகையா வரும்.

ஹெட்

ஒரிஜினல் போல்ட்ட தூக்கிப் போட்டுட்டு நல்ல கம்பெனி ஸ்டட் போடுங்க. பூஸ்ட் அதிகம்னா ஹெட்லயோ லைனர்லயோ பள்ளம் வெட்டி ஃபயர் ரிங் (அழுத்தம் கசியாம அடைக்கிற உலோக வளையம்) போடுவாங்க, 400 ஹெச்பிக்கு லைனர் உயரம் சரியா இருந்து ஸ்டட்டும் போட்டா நல்ல கேஸ்கட்டே தாங்கும்ங்குறது என் அபிப்பிராயம். வால்வு ஸ்ப்ரிங்க மறக்காதீங்க. இன்டேக் வால்வு மூடியிருக்கும்போது டர்போ காத்து அதோட முதுகுல தள்ளிக்கிட்டே இருக்கும். வால்வு முகம் சுமார் 2 சதுர இஞ்ச்னு வெச்சுக்கிட்டா, 30 பிஎஸ்ஐயில 60 பவுண்டு விசை அத திறக்கப் பாக்குது, வயசான ஸ்ப்ரிங்க்கு அந்த அளவு போயிட்டா மிச்சம் என்ன இருக்கும்? ஆர்பிஎம்மும் ஏத்தியிருக்கோம், வால்வு மிதக்கும், பிஸ்டன் போய் இடிக்கும். கெட்டியான ஸ்ப்ரிங், நேரான புஷ் ராடு, இது ரெண்டும் கட்டாயம். போர்ட்ட கிரைண்டர்ல விட்டு பெருசாக்குறத விட, வால்வு சீட்டுக்கு கீழ இருக்குற முனைகள மழமழன்னு ஆக்கி நல்ல மூணு கோண சீட் வெட்டு வெட்டுனாலே காத்து நல்லா போகும்.

காத்து

இங்க பேப்பர் பென்சில் எடுங்க. 466 க்யூபிக் இஞ்ச், நாலு ஸ்ட்ரோக், 3000 ஆர்பிஎம். 466 பெருக்கல் 3000, அத 3456ஆல வகுத்தா (ஒரு கன அடிக்கு 1728 க்யூபிக் இஞ்ச், ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை தான் காத்து இழுக்கும், அதனால 1728 பெருக்கல் 2) 404, நிமிஷத்துக்கு அவ்ளோ கன அடி காத்து டர்போ இல்லாம இழுக்கும், முழுசா நிரம்பாதுங்குறதால 85 சதவீதம் வெச்சா சுமார் 344. இப்ப 400 ஹெச்பிக்கு என்ன வேணும்னு பாப்போம். ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.4 பவுண்டு டீசல்னு வெச்சா மணிக்கு 160 பவுண்டு டீசல். புகை அளவோட எரிய டீசலுக்கு 20 மடங்கு காத்து எடைன்னு வெச்சா மணிக்கு 3200 பவுண்டு, நிமிஷத்துக்கு 53 பவுண்டு, கன அடியில சொன்னா 700க்கு கொஞ்சம் மேல. நம்ம கிட்ட 344 தான் இருக்கு, ஆக உள்ள போற காத்தோட அடர்த்திய ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் மேல ஆக்கணும். டர்போ அமுக்கும்போது காத்து சூடாகி விரியும், அதனால இன்டர்கூலர் இல்லன்னா 28லிருந்து 30 பிஎஸ்ஐ பூஸ்ட் வேணும், நல்ல இன்டர்கூலர் இருந்தா 20 பக்கமே போதும்.

இந்தக் கணக்க வெச்சுக்கிட்டு தான் டர்போ வாங்கணும், பக்கத்து டீம்ல என்ன போட்டிருக்கான்னு பாத்து வாங்கக் கூடாது. ரொம்ப பெரிய டர்போ போட்டா கிளம்புற இடத்துல பூஸ்ட் ஏறாம புகை மட்டும் வரும், கடைசியில ஆர்பிஎம் இறங்கும்போது பூஸ்ட்டும் சேந்து விழுந்துடும், ஸ்லெட் அங்கயே உக்காந்துடும். சின்னதா போட்டா எக்ஸாஸ்ட் பக்கம் அடைச்சுக்கும். இத கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்ல ஒரு கேஜ் வெச்சு பாருங்க. பூஸ்ட் 30ன்னா எக்ஸாஸ்ட் அழுத்தமும் அதுக்கு பக்கத்துல இருந்தா நல்லது, 60ன்னு காட்டுச்சுன்னா டர்பைன் ஹவுஸிங் சின்னது.

டீசல்

இப்ப தான் பம்ப். மேல சொன்ன 160 பவுண்டு டீசல் கணக்க ஒரு ஸ்ட்ரோக்குக்கு பிரிச்சா, 3000 ஆர்பிஎம்ல ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 1500 தடவை நாசில் அடிக்கும், ஆறு சிலிண்டருக்கு 9000. ஒரு தடவைக்கு சுமார் 160 கன மில்லிமீட்டர் வருது. பம்ப் பெஞ்ச்ல ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு இத்தன சிசின்னு தான் அளப்பாங்க, அதுல 160 சிசி. ஸ்டாக் 1066 இதே கணக்குல 60 பக்கம் தான் வரும். அதாவது ரெண்டரை மடங்குக்கு மேல கேக்குறோம், பழைய பம்ப்ல ஸ்க்ரூ திருகி இது வராது. பம்ப்புக்குள்ள டீசல தள்ளுற எலிமென்ட்ட பெருசாக்கணும், இல்லன்னா பாஷ் பி7100 மாதிரி பெரிய இன்லைன் பம்ப்ப அடாப்டர் போட்டு மாட்டணும், உங்க கிளாஸ் ரூல் விட்டா ரெண்டாவது வழி தான் நல்லது, பின்னாடி பவர் ஏத்தணும்னாலும் இடம் இருக்கும்.

பம்ப்ப பெஞ்ச்ல ஏத்தாம வண்டியில மாட்டாதீங்க. ஆறு லைனும் ஒரே அளவு ஊத்துதான்னு பாக்கணும், அதுவும் நீங்க ஓட்டப்போற ஆர்பிஎம்ல பாக்கணும். ஐடில்ல சமமா இருக்குற பம்ப் 3000ல ஒரு லைன்ல 10 சிசி கூட ஊத்தும், அந்த சிலிண்டர் பிஸ்டன் தான் முதல்ல உருகும். நாசில்ல துளை பெருசாக்கும்போது ஸ்ப்ரே கோணம் பிஸ்டன் கிண்ணத்துக்குள்ள விழுற மாதிரி இருக்கணும், வெளிய விழுந்தா டீசல் லைனர் சுவத்த கழுவி ஆயில் படலத்த எடுத்துடும். ஹெட்ட கழட்டி பாத்தா கதை தெரிஞ்சுடும், கிண்ணத்துக்குள்ள ஒரே சீரா காஞ்ச கரி இருந்தா நல்லா எரியுது, பிஸ்டன் ஓரத்துல ஈரமா பளபளன்னு கருப்பு ஒட்டியிருந்தா ஸ்ப்ரே தப்பு.

டைமிங் ஏத்துனா (டீசல கொஞ்சம் முன்கூட்டியே அடிக்க வெச்சா) பவர் வரும், எக்ஸாஸ்ட் சூடு குறையும், ஆனா சிலிண்டர் அழுத்தம் ஏறும், ஹெட் கேஸ்கட்டுக்கு ஆபத்து. ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்தி டைனோவுல (பவர அளக்குற மெஷின்) பாருங்க, பவர் ஏறலன்னா அங்கயே நிறுத்தி ஒரு படி பின்னாடி வாங்க. பைரோமீட்டர (எக்ஸாஸ்ட் சூடு அளக்குற கேஜ்) ஒவ்வொரு எக்ஸாஸ்ட் போர்ட்லயும் வெச்சா சொர்க்கம், ஒண்ணு தான் முடியும்னா டர்போவுக்கு முன்னாடி வைங்க. வயல்ல மணிக்கணக்கா ஓடுற வண்டிக்கு 1200 ஃபாரன்ஹீட் தாண்ட விடக் கூடாது. புல்லுங்குறது சில நொடி வேலைங்குறதால அதுக்கு மேல போறவங்க இருக்காங்க, ஆனா அலுமினிய பிஸ்டனுக்கு நொடிக்கணக்கும் கணக்கு தான். கவர்னர் ஸ்ப்ரிங்க மாத்தி 3000க்கு மேல கட் ஆகுற மாதிரி செட் பண்ணுங்க, கவர்னரையே கழட்டிட்டு ஓட்டுற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

கிளட்ச்சும் மண்ணும்

400 ஹெச்பி 3000ல வருதுன்னா அங்க டார்க் 700 பவுண்டு அடி, ஆர்பிஎம் இறங்கும்போது இன்னும் கூடும். ஸ்டாக் கிளட்ச் பிளேட் இதுக்கு முன்னாடி பொசுங்கி நாறும். சின்டர்டு பட்டன் பிளேட், கெட்டி பிரஷர் பிளேட், ஸ்டீல் ஃப்ளைவீல்னு போங்க. பழைய வார்ப்பு ஃப்ளைவீல் அதிக ஆர்பிஎம்ல வெடிச்சா துண்டுகள் பெல் ஹவுஸிங்க கிழிச்சுட்டு வெளிய வரும், ஓட்டுறவர் காலும் வயிறும் அதுக்கு நேரா தான் இருக்கு.

ஹிட்ச் உயரம் பெரும்பாலான கிளாஸ்ல 20 இஞ்ச் வரைக்கும் தான். ஸ்லெட் 10,000 பவுண்டு விசையோட பின்னாடி இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க, 20 இஞ்ச் உயரம், ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல சுமார் 100 இஞ்ச். 10,000 பெருக்கல் 20 வகுத்தல் 100, 2000 பவுண்டு முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரத்துக்கு மாறுது. முன்னாடி அந்த அளவுக்கு வெயிட் தொங்க விடணும், முன் சக்கரம் தரைய லேசா உரசுற மாதிரி போனா சரியான பேலன்ஸ். முன் சக்கரம் மண்ணுல அழுந்தி ஓடுனா பின்னாடி வர வேண்டிய எடைய வீணாக்குறோம், வானத்துல தூக்கிட்டு போனா ஸ்டியரிங் இல்ல. நல்ல இன்ஜின் வெச்சிருந்தும் தோக்குறவங்கள்ல நிறைய பேர் தோக்குறது இந்த வெயிட்லயும் டயர் காத்துலயும் தான், ட்ராக் ஈரமா இறுகலா இருக்கா, மேல தூசியா இருக்கான்னு முன்னாடி ஓடுன ரெண்டு வண்டியோட தடத்துல இறங்கி மிதிச்சுப் பாத்து முடிவு பண்ணுங்க.

பாதுகாப்பு, இதுல விட்டுக்கொடுக்காதீங்க

டீசல் இன்ஜின் டர்போ சீல் போயி தன் ஆயிலையே குடிக்க ஆரம்பிச்சா டீசல கட் பண்ணாலும் நிக்காது. காத்த அடைச்சா தான் நிக்கும். அதனால இன்டேக்ல காத்தடைக்கிற மூடி, அதுல இருந்து பின்னாடி ஸ்லெட்டுக்கு ஒரு கேபிள், செயின் அறுந்து ட்ராக்டர் தனியா ஓடுனா ஸ்லெட்டே கேபிள இழுத்து இன்ஜின நிறுத்தணும். எக்ஸாஸ்ட் குழாய்க்குள்ள குறுக்கும் நெடுக்கும் ரெண்டு போல்ட் போட சொல்லுவாங்க, டர்போ சக்கரம் ஒடஞ்சா கூட்டத்துல போய் விழாம இருக்க. பின்னாடி சாயாம தாங்குற வீலி பார், சைடு ஷீல்டு, தீயணைப்பான், ஃபயர் சூட், ரூல் சொல்ற எல்லாம். பஞ்சாப்ல 2023 அக்டோபர்ல ட்ராக்டர் ஸ்டண்ட்ல ஒருத்தர் உயிர் போனப்புறம் அரசே அந்த ஸ்டண்டுகளுக்கு தடை போட்டுச்சு. கில் கேபிளும் தடுப்பும் இல்லாம கூட்டத்துக்கு நடுவுல ட்ராக்டர முறுக்குறது எந்த ஊர்லயும் வேண்டாம்.

பட்டறையில இன்னொண்ணு. நாசில் லைன் கசியுதான்னு விரல் வெச்சு பாக்காதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலுக்குள்ள ஊசி மாதிரி இறங்கிடும், வெளிய சின்ன புள்ளி தான் தெரியும், உள்ள சதை செத்துட்டு இருக்கும். அட்டைத் துண்ட காட்டி பாருங்க, கையில பட்டுட்டா வலிக்கலன்னாலும் உடனே ஆஸ்பத்திரி. டைனோ ஓடும்போது ஃப்ளைவீலுக்கும் டர்போவுக்கும் நேர்க்கோட்டுல யாரையும் நிக்க விடாதீங்க.

போட்டி நாள்

ஆயில் சூடாகாம லோடு ஏத்தக் கூடாது, தண்ணி 170 ஃபாரன்ஹீட் பக்கம் வர்ற வரைக்கும் ஓட விடுங்க. வாட்டர் இன்ஜெக்‌ஷனோ ஐஸ் தண்ணி இன்டர்கூலரோ இருந்தா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜின கையால ரெண்டு முழு சுத்து சுத்திப் பாருங்க, சிலிண்டருக்குள்ள தண்ணி கசிஞ்சு நின்னா செல்ஃப் அடிச்ச அந்த நொடியே ராடு வளையும். செயின மெதுவா இறுக்கிட்டு, த்ராட்டில ஏத்தி பூஸ்ட் கேஜ் எழும்புறத பாத்துட்டு கிளட்ச்ச விடுங்க, புகை மட்டும் வந்து பூஸ்ட் எழலன்னா விடாதீங்க. ஸ்லெட் நிறுத்தினதும் உடனே ஆஃப் பண்ணாம கொஞ்சம் ஐடில்ல விட்டா டர்போ பேரிங் பொழைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஆயில் ஃபில்டர வெட்டி மடிப்ப பிரிச்சு வெளிச்சத்துல பாருங்க, செம்பு நிறத்துல மினுக்குனா பேரிங், காந்தத்துல ஒட்டுனா லைனரோ ரிங்கோ கேமோ. டேப்பட் க்ளியரன்ஸ் பாத்து எழுதி வைங்க, ஒரே ஒரு வால்வு மட்டும் ஒவ்வொரு தடவையும் இறுகிக்கிட்டே வந்தா அந்த சீட் உள்ள இறங்குது, அடுத்த போட்டிக்கு முன்னாடி ஹெட்ட இறக்கிடுங்க.